இஞ்சின் ஓடுமா என்பதைக் கடைசியாகக் கேளுங்கள்

"அண்ணா, இஞ்சின் ஜாம் ஆயிருக்காம். நீங்க கை வெச்சா ஓடிடும்னு சொன்னாங்க."

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்கு வந்த தம்பி இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். காட்பாடிக்காரர், பெங்களூரில் வேலை. ஆற்காடு பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் முப்பது வருஷத்துக்கு மேலாக அசையாமல் நிற்கும் காரை வாங்க ஆசை. செல்போனில் படம் காட்டினார். தூசிக்குள் இருந்து இரண்டு பெரிய ஹெட்லைட் எட்டிப் பார்த்தன. எம்.ஜி. டி.டி. என்ற பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, நிரந்தரக் கூரை கிடையாது. எனக்கே மனசு கொஞ்சம் ஆடிவிட்டது, பொய் சொல்வானேன்.

வேலூரில் பட்டறை வைத்து இத்தனை வருஷத்தில் ஓடாத பழைய வண்டியைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனவர்கள் நிறைய. அத்தனை பேரும் முதலில் கேட்பது இஞ்சினைத்தான். எனக்கு அதிகம் கவலை தராத பாகமும் அதுதான். ஜாம் ஆன இஞ்சினைப் பிரிக்க எனக்குத் தெரியும். போர் அடிக்க, அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைய, அதில் புதுக் குழாயாக ஸ்லீவ் போட, கிராங்க் தண்டைச் சாணை பிடிக்க ராணிப்பேட்டையில் லேத்துக்குப் பஞ்சமில்லை. காசும் பொறுமையும் இருந்தால் இரும்பு வேலை இந்த ஊரிலேயே முடிந்துவிடும். முடியாத வேலைகள் வேறு.

அன்றைக்குக் கொட்டகைக்குள் போனதும் நான் காரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாகச் செம்மண் கோடு. "2021 நவம்பர்ல பாலாறு வந்துச்சே, அப்ப உள்ள வரைக்கும் தண்ணி வந்துது" என்றார் வீட்டுப் பெரியவர், அதில் என்ன விசேஷம் என்பது போல. வறண்டு கிடக்கிற பாலாற்றை நம்பிக் கரையோரம் ஷெட் போட்டவர்கள் எல்லோருக்கும் அந்த வருஷம் கிடைத்த பாடம் அது. இந்தக் காரின் சேஸ், அதாவது அடியில் இருக்கும் இரும்புச் சட்டம், உள்ளே கூடான பெட்டி மாதிரியான அமைப்பு. அடியில் படுத்து ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம் 'டங் டங்' என்று வந்த சத்தம் பின்சக்கரத்துக்கு அருகே 'தொப் தொப்' என்று மாறியது. அங்கிருந்த ஓட்டையில் கம்பியை விட்டுக் கிண்டினால் ஆற்று வண்டல் பொலபொலவென்று என் சட்டை மேல் கொட்டியது. மூன்று நான்கு வருஷமாக ஈரத்தைப் பிடித்துவைத்திருந்த வண்டல். அந்த இடத்துத் தகரத்தை உள்ளிருந்து துரு தின்றிருக்கும். வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது.

பொதுவாகச் சொன்னால், உப்புக்காற்று வாங்கிய சென்னைக் காரைவிட நம் வெயிலில் காய்ந்த கார் மேல். ரப்பர் எல்லாம் கல்லாகிப் போயிருக்கும், ஆனால் தகரம் பிழைத்திருக்கும். தண்ணீர் ஏறிய கொட்டகைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

அடுத்தது மரம். காரில் ஏது மரம் என்று அந்தத் தம்பியும் கேட்டார். இங்கிலாந்தில் ஆபிங்டனில் 1949 கடைசியிலிருந்து 1953 வரை செய்த வண்டி இது. அந்தக் காலத்து எம்.ஜி. கார்களில் சேஸ் இரும்பு, அதன் மேல் ஆஷ் என்ற மரத்தில் சட்டம், சட்டத்தின் மேல் தகரம் போர்த்தியிருக்கும். கதவு தொங்குவதும் அந்த மரத்தில்தான். குளிர் தேசத்தில் மரம் ஈரத்தில் இற்றுப்போகும். நம் ஊரில் கரையான் இருக்கிறது.

கதவைத் திறந்து அதன் நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தேன். ஒரு அங்குலம் மேலே வந்தது. கீல் தேய்ந்திருந்தால் அரை விரல்கடை ஆடும். ஒரு அங்குலம் வருகிறது என்றால் கீலைப் பிடித்திருக்கும் மரமே இல்லை என்று அர்த்தம். பாய் விரிப்பைத் தூக்கிவிட்டுக் கதவுத் தூணில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவது போலப் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது கூடவே கரையான் மண். தம்பியின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இந்தச் சட்டத்தைப் புதிதாகச் செய்ய முடியாதா என்றால் முடியும். ஆஷ் கிடைக்காத ஊரில் தேக்கில் செய்யும் ஆசாரிகள் இருக்கிறார்கள். ஆனால் கட்டில், கதவு செய்கிற கை வேறு, இந்த வளைவுகளைப் பிடிக்கிற கை வேறு. பழைய துண்டு முழுசாக இருந்தால் அளவெடுக்கலாம். கரையான் தின்றதற்கு அளவு ஏது? தகரத்தைக் கழற்றி, மரத்தை வைத்துப் பார்த்து, கதவு பொருந்தாமல் மறுபடியும் கழற்றி, இப்படி மாதக்கணக்கில் போகும். நான் கை கழுவிய ஒரே வண்டி இந்த மாதிரி மர வேலையில் நின்றதுதான்.

"மீதி எல்லாம் பெட்டியில இருக்கு" என்று பெரியவர் ஒரு பழைய மரப்பெட்டியைக் காட்டினார். ஓடாத வண்டி விற்கும் எல்லா வீட்டிலும் இந்தப் பெட்டி இருக்கும். அதைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். தரையில் கோணிப்பை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். நாங்கள் வைத்ததில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குத் தரும் எஸ்.யூ. கார்பரேட்டர் ஒன்றுதான் இருந்தது. இந்த இஞ்சினுக்கு இரண்டு வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் ஜேகர் கம்பெனி மீட்டர்களில் ஒன்றைக் காணோம். விண்ட்ஸ்கிரீன் சட்டத்தின் ஒரு பக்கக் கால் இல்லை. டாப்பு மடக்கும் கம்பிகள் மொத்தமாகவே இல்லை. ஆனால் ஒரு பியட்டின் டைனமோவும் யாரோ வீட்டுத் தையல் மெஷின் சக்கரமும் பத்திரமாக இருந்தன!

பெரிய சாமானைவிடச் சின்னச் சாமான்தான் வேலையை நிறுத்தும். நான் கற்றுக்கொண்டது என் தப்பிலிருந்து. பல வருஷத்துக்கு முன்னால் இதே இஞ்சின் ஒன்று என் கைக்கு வந்தது. எக்ஸ்.பி.ஏ.ஜி. என்பார்கள், 1250 சி.சி. வாட்டர் பம்ப் போல்ட் ஒன்று இல்லை. தலைக்கு விட்வொர்த் என்ற பழைய இங்கிலீஷ் அங்குல அளவு ஸ்பேனர்தான் பொருந்துகிறது, சரி, மரையும் விட்வொர்த்தாக இருக்கும் என்று ஒன்றைத் தேடிப் போட்டேன், ஏறவில்லை. அளந்து பார்த்தால் 8 மில்லி. கடையில் சாதாரண 8 மில்லி போல்ட் வாங்கி வந்து முடுக்கினேன். இரண்டு சுற்றுக்கு மேல் இறுகியது, துரு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பிளாக்கில் மரை போய்விட்டது. அந்த இஞ்சினில் மரை மில்லிமீட்டர் கணக்கு, போல்ட் தலை மட்டும் விட்வொர்த் அளவு. அதிலும் மரை இடைவெளி 1 மில்லி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மில்லி போல்டுக்கு 1.25. ஒரு போல்டுக்காகப் பிளாக்கைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோனேன். அதனால் இப்போதெல்லாம் பெட்டியில் போல்ட் டப்பா இருக்கிறதா என்று முதலில் தேடுகிறேன். இந்த வண்டியில் சுமார் முப்பதாயிரம் செய்தார்கள், பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போய்விட்டன. ஆகவே பாகம் உலகத்தில் கிடைக்கும். சென்னைப் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் கிடைக்காது. விலையோடு கூரியரும் கஸ்டம்ஸும் சேரும்.

அப்புறம் காகிதம். தம்பி இதைக் கேட்கவே மறந்திருந்தார். ஆர்.சி. புக் பெரியவருடைய அப்பா பெயரில் இருந்தது, அவர் காலமாகி வெகுகாலம். உரிமையாளர் இறந்துவிட்டால் வழக்கமான 29, 30 படிவத்தில் கையெழுத்து வாங்கி மாற்றிக்கொள்ள முடியாது. முதலில் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், அதன்பிறகு 31ஆம் படிவத்தில் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றம், அதற்கும் பிறகுதான் உங்கள் பெயர். பெரியவருக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார். இந்த வார்த்தையைக் கேட்டால் அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பிவிடுவது நல்லது.

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்திருக்கிறது. புதிதாகப் பதிவு செய்தால் வி.ஏ. என்ற எழுத்தோடு எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க ஓட்டலாம். தினமும் ஆபீசுக்கு எடுத்துப்போக முடியாது. முக்கியமாக, சேஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத அசல் வண்டியாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பழைய இங்கிலீஷ் கார்களின் பானெட்டைத் திறந்தால் உள்ளே அம்பாசிடர் இஞ்சின் உட்கார்ந்திருப்பது சகஜம். எம்.ஜி.யின் பிந்தைய மாடலான எம்.ஜி.ஏ. காரில் இருந்தாலாவது ஒரே குடும்பம் என்று சொல்லலாம், இரண்டும் பி.எம்.சி. என்ற இங்கிலீஷ் கம்பெனியின் 1489 சி.சி. இஞ்சின். டி.டி.யில் இருந்தால் அது வேறு வீட்டுப் பிள்ளை. சேஸ் எண், இஞ்சின் எண் இரண்டையும் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்து, ஆர்.சி.யோடு வைத்துப் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும். இங்கே இரண்டும் சரியாக இருந்தன, அது ஒன்றுதான் நல்ல சேதி.

கடைசியாக இஞ்சினுக்கு வந்தோம். பிளக்கைக் கழற்றி நான்கு போரிலும் டீசல் கலந்த ஆயில் ஊற்றி, இஞ்சினைக் கையால் சுற்றும் கைப்பிடி போட்டு மெல்ல அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. இதற்குப் பயப்பட வேண்டாம், ஊறட்டும். ஆனால் கயிறு கட்டி இழுத்து கியரில் விடுகிற வீரம் மட்டும் வேண்டாம். ரிங் உடையும், சில சமயம் பிஸ்டனே போகும். ஒயரிங்கை எலி தின்றிருந்தது, அது எப்படியும் புதிதாகப் போட வேண்டியதுதான். போடுகிறவரிடம் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரேக் சிலிண்டர், டேங்க், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் செலவுக் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டியவை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் நிற்காது.

திரும்பி வரும்போது வழியில் டீ குடித்தோம். "வாங்கலாமாண்ணா?" என்றார். நான் கேட்டது மூன்றே கேள்வி. வீட்டில் அஞ்சு வருஷம் நிறுத்த நிழல் இருக்கிறதா? நடுவில் வேலை நின்றுபோனால் வருத்தப்படாத பணமா இது? வண்டி ஓட்ட ஆசையா, வண்டி வேலை செய்ய ஆசையா? மூன்றாவதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓட்டத்தாண்ணா" என்றார். ஓட்டத்தான் என்றால் ஓடுகிற வண்டியை அதிக விலை கொடுத்து வாங்குவதே லாபம். வேலை கற்கத்தான் என்றால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைத் தேடலாம். நம் சென்னைக்குப் பக்கத்தில் செய்த வண்டி, பானெட் முழுசாக முன்னால் கவிழும், உள்ளே நின்றுகொண்டு வேலை செய்யலாம். டிரையம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரே அந்த ஹெரால்டு சேஸைச் சுருக்கிச் செய்ததுதான். அவர் முகத்தில் ஆர்வம் வரவில்லை. எம்.ஜி. பிடித்தவருக்கு ஹெரால்டு சொன்னால் அப்படித்தான்.

அவர் வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சென்னைக்காரர் ஒருவர் அதே காரை வாங்கி, லாரியில் ஏற்றி என் பட்டறைக்கே அனுப்பிவிட்டார். "முதல்ல இஞ்சின ஓட வெச்சுடுங்க, மத்தது அப்புறம்" என்று போனில் சொன்னார். பதினாறு நாள் ஊறி, பதினேழாம் நாள் கைப்பிடி அசைந்தது. பிரித்துச் சேர்த்து, இன்னொரு கார்பரேட்டர் வரவழைத்துப் பூட்டியாயிற்று. இப்போது நன்றாக ஓடுகிறது. வாரம் ஒருமுறை பையன் அதை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் விட்டு அணைக்கிறான். கதவு இரண்டும் தேங்காய்நார்க் கயிற்றில் கட்டியிருக்கின்றன. ஆசாரி இன்னும் அமையவில்லை. பெரியவருடைய தம்பி கையெழுத்துப் போடவில்லை.