விஜில்: கண்காணிப்பா, கண்விழிப்பா?

"வெள்ளை மாளிகை எதிரே அணு ஆயுத எதிர்ப்பாளர்கள் பல ஆண்டுகளாகக் கண்காணிப்பில் ஈடுபட்டுள்ளனர்." மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வந்த காலத்தில் நான் எழுதிய வாக்கியம் இது. மெய்ப்புப் பார்த்தவர் 'கண்காணிப்பில்' என்ற சொல்லைச் சுழித்து, ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்பினார்: "யாரை?"

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் விஜில் (vigil). அகராதியைப் பார்த்துத்தான் எழுதினேன். விஜிலன்ஸ் என்றால் கண்காணிப்பு, ஆகவே விஜில் என்றாலும் கண்காணிப்பு என்று கணக்குப் போட்டுவிட்டேன். விஜிலன்ஸ் ரெய்டு என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது தப்பாகவும் படவில்லை. வாக்கியத்தைத் திரும்பப் படித்தபோதுதான், போர் வேண்டாம் என்று நிற்கிறவர்களை ஒற்றர்களாக ஆக்கியிருக்கிறேன் என்று புரிந்தது.

சரி, விஜில் என்பது என்ன? சதுக்கத்திலோ தெருமுனையிலோ அரசு அலுவலக வாசலிலோ, குறித்த நேரத்தில் சிலர் கூடி நிற்கிறார்கள். எட்டுப் பேர் இருக்கலாம், எண்ணாயிரம் பேர் இருக்கலாம். மேடை கிடையாது, மைக் பெரும்பாலும் கிடையாது. கையில் ஓர் அட்டை, அல்லது மெழுகு கையில் வழியாமலிருக்கக் காகிதக் கோப்பையின் அடியில் துளையிட்டுச் செருகிய மெழுகுவத்தி. சில இடங்களில் ஒருவர் போரில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். நேரம் முடிந்ததும் சுருட்டி வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். அடுத்த வாரம், அதே கிழமை, அதே இடம். ஊர்வலம் நகர்கிறது, பொதுக்கூட்டம் பேசுகிறது, மறியல் வழியை அடைக்கிறது, உண்ணாவிரதம் உடலை வருத்துகிறது. விஜில் இதில் எதையும் செய்வதில்லை, சும்மா இருக்கிறது. அந்த 'இருப்பு'தான் இந்தச் சொல்லின் உயிர்.

சொல்லின் பிறப்போ இதற்கு நேர் எதிரான இடத்தில். இலத்தீனில் விஜில் என்றால் 'விழித்திருக்கிற' என்று பொருள். அதிலிருந்து வந்த விஜிலியா என்பது படைமுகாமின் இரவுக் காவல். ரோமானியர்கள் இரவை நான்கு விஜிலியாக்களாகப் பங்கிட்டிருந்தார்கள். கோடையில் இரவு குறுகினால் காவல் வேளையும் குறுகும். காவலில் தூங்கிப் பிடிபட்டவனைக் கூட இருந்த வீரர்களே தடியாலும் கல்லாலும் அடித்துக் கொல்வார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதி வைத்திருக்கிறார். பிறகு, கி.பி. 6-இல் பேரரசர் அகஸ்டஸ் ரோம் நகருக்கு ஏழு பிரிவுகள் கொண்ட ஓர் இரவுக் காவல் அணியை அமைத்தபோது அவர்களுக்கும் விஜிலஸ் என்றே பெயர். தீயணைப்பதும் திருடனைப் பிடிப்பதும் அவர்கள் வேலை. ஆக, இது சிப்பாயின் சொல். எதிரி வருகிறானா என்று பார்க்க விழித்திருந்தவன் கையிலிருந்து, போரே வேண்டாம் என்று விழித்திருப்பவர்கள் கைக்கு வர இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

நம் பழைய பாட்டுகளிலும் இதே காவலர்கள் நிற்கிறார்கள். புறநானூறு 37-ஆம் பாட்டில் அவர்களுக்கு 'யாமம் கொள்பவர்' என்று பெயர். மதில் மேல் விளக்கோடு திரிகிறவர்களின் சுடர் அகழி நீரில் விழ, அந்த நிழலை இரை என்று நினைத்து முதலை கவ்வப் பாய்கிறது. இரவுக் காவல் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த முதலைதான். ஆனால் விஜிலின் இன்றைய பொருளுக்கு இன்னும் நெருக்கமான இடம் முல்லைப்பாட்டில் இருக்கிறது. பாசறையில் நாழிகை பார்த்துச் சொல்கிறவர்கள், மெய்காப்பாளர்கள் எல்லாம் விழித்திருப்பது அவர்கள் தொழில். அரசனும் தூங்கவில்லை: 'மண்டமர் நசையொடு கண்படை பெறாஅது'. ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறு கையில் தலையைத் தாங்கி, காயம்பட்ட யானைகளையும் திரும்பி வராத வீரர்களையும் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் போரை வெறுத்தவன் இல்லை. 'நசை' என்றால் விருப்பம்; மறுநாள் போர்மேல் விருப்பம் இருந்ததால்தான் தூக்கம் வரவில்லை. ஆனாலும் போரில் விழுந்தவர்களை நினைத்து ஒருவன் இரவில் விழித்திருக்கும் காட்சி தமிழில் அப்போதே வந்துவிட்டது.

சிப்பாயிடமிருந்து சொல்லை வாங்கிக்கொண்டது திருச்சபை. பெருவிழாக்களுக்கு முந்தைய இரவில் கண்விழித்துச் செய்யும் வழிபாடு விஜில் ஆயிற்று. கத்தோலிக்கர்கள் ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டைத் தமிழில் 'பாஸ்கா திருவிழிப்பு' என்கிறார்கள். அழகான சொல், புழக்கத்திலும் இருக்கிறது. கைது செய்யப்படுமுன் இயேசு தம் சீடர்களிடம், ஒரு மணி நேரம்கூட என்னோடு விழித்திருக்க முடியாதா என்று கேட்டது மத்தேயுவில் வருகிறது. பிற்காலத்துத் தெருமுனை விஜில்கள் பலவும் ஒரு மணி நேரமாக அமைந்ததற்கு அது காரணமோ இல்லையோ, பொருத்தம் நன்றாக இருக்கிறது.

கோயிலிலிருந்து தெருவுக்குச் சொல்லைக் கொண்டுவந்ததில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் வழிபாடே கூடி மௌனமாக இருப்பதுதான். அதைச் சுவருக்கு வெளியே செய்தால் விஜில். அமெரிக்காவின் மேரிலாண்டில் உள்ள ஃபோர்ட் டெட்ரிக் என்ற இராணுவத் தளத்தில் கிருமி ஆயுத ஆய்வு நடந்துகொண்டிருந்தது. 1959 ஜூலையில் அதன் வாசலில் போய் நின்றவர்கள் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் நின்றார்கள். வியட்நாம் போர்க் காலத்தில் இந்த வடிவம் நாடெங்கும் பரவியது. 1969 நவம்பரில் வாஷிங்டனில் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஒற்றை வரிசையில் சுமார் 40,000 பேர், இரவும் பகலுமாக நடந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. அதில் செத்துப்போன ஒரு சிப்பாயின் பெயர், அல்லது அழிந்துபோன ஒரு வியட்நாம் கிராமத்தின் பெயர். வெள்ளை மாளிகை எதிரே வந்ததும் அந்தப் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் அட்டையைச் சவப்பெட்டியில் போடவேண்டும். நடந்ததால் இதை ஊர்வலம் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் பெயர் சொல்ல நிற்கும் அந்தச் சில நொடிகள் விஜில்.

இப்போது என் பழைய வாக்கியத்துக்கு வருகிறேன். வெள்ளை மாளிகை எதிரே லஃபயட் பூங்காவில் அணு ஆயுதத்துக்கு எதிரான விஜிலை வில்லியம் தாமஸ் 1981 ஜூன் 3-ஆம் தேதி தொடங்கினார். சில வாரங்களில் கொன்செப்சியோன் பிச்சியோட்டோ சேர்ந்துகொண்டார். 2016-இல் இறக்கும்வரை அந்த இடம்தான் அவருக்கு உலகம். பூங்கா விதிப்படி பதாகைகளை ஆளில்லாமல் விடக் கூடாது. வைத்தவர் மூன்று அடி தூரத்துக்குள் இருக்கவேண்டும், இல்லையென்றால் போலீஸ் அகற்றிவிடலாம். 2013-இல் ஒருமுறை முறைக்காரர் இடத்தை விட்டுப் போக, உடனே எல்லாவற்றையும் அள்ளிவிட்டார்கள். ஆகவே யாராவது ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

இருந்தால் மட்டும் போதுமா என்றால், அங்கேதான் சட்டம் இந்தச் சொல்லின் வேரைத் தோண்டி எடுத்துவிட்டது. அதே பூங்காவில் வீடற்றவர்களுக்காகப் போராடியவர்களுக்கு அடையாளக் கூடாரம் போட அனுமதி கிடைத்தது, ஆனால் அதில் தூங்க அனுமதி கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1984-இல் ஏழு நீதிபதிகள் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாக, தூங்குவதைத் தடைசெய்தது சரிதான் என்று தீர்ப்பு வந்தது. போராடலாம், கூடாரம் போடலாம், கண் மூடக் கூடாது! அணு ஆயுத எதிர்ப்பாளர்களும் 'முகாமிட்டார்கள்' என்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். இலத்தீன் காவலனுக்கு இருந்த அதே கட்டளை: தூங்கினால் தண்டனை. அந்த விஜிலின் கூடாரத்தை 2025 செப்டம்பரில் அகற்றினார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு 'கண்காணிப்பு' என்று எழுத யாருக்கு மனம் வரும்? பார்க்கப்போனால் கண்காணிப்பில் ஈடுபட்டிருந்தது எதிர்ப்பக்கம்தான். 'சர்வைலன்ஸ்' என்ற சொல்லும் இதே இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான்.

இரவு இல்லாமலும் விஜில் உண்டு. 1988 ஜனவரியில் ஜெருசலேமில், முதலாம் இன்டிஃபாடா என்ற பாலஸ்தீனர்களின் எழுச்சி தொடங்கிய மறு மாதமே, சில இஸ்ரேலியப் பெண்கள் கறுப்பு உடையில் ஒரு சந்திப்பில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை மதியம், ஒரு மணி நேரம். கையில், உயர்த்திய உள்ளங்கை வடிவில் வெட்டிய அட்டை. அதில் 'ஆக்கிரமிப்பை நிறுத்து' என்று மட்டும். கடந்து போகிறவர்கள் திட்டினாலும் பதில் சொல்வதில்லை. கறுப்புடைப் பெண்கள் என்ற பெயரில் இது பல நாடுகளுக்குப் போனது. 1991 அக்டோபரில் பெல்கிரேடில் செர்பியப் பெண்கள் தங்கள் அரசின் போருக்கு எதிராக இதே மாதிரி நிற்கத் தொடங்கினார்கள். தம் பக்கத்துக்காரர்கள் செய்யும் போரைத் தம் தெருவிலேயே நின்று எதிர்ப்பது லேசான காரியமில்லை.

மெழுகுவத்தி எங்கிருந்து வந்தது? ஸ்பானியத்தில் மெழுகுவத்திக்குப் பெயர் வேலா. 'விழித்திரு' என்ற பொருள்கொண்ட இலத்தீன் வினையிலிருந்து அது பிறந்தது. அந்த மொழியில் தூங்காமல் கிடப்பதற்கும் அதே சொல்தான். விழிப்பவன் ஏற்றிவைத்தது விழிப்பின் பெயரையே வாங்கிக்கொண்டது. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில், நிக்கோலாய் தேவாலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் அமைதி வேண்டல் நடந்தது. 1989 அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் தெருவில் இறங்கினார்கள். அந்தத் தேவாலயத்தின் போதகர் கிறிஸ்டியான் ஃபியூரர் பின்னாளில் சொன்ன விளக்கம் எளிமையானது: மெழுகுவத்திக்கு இரண்டு கையும் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று காற்றில் அணையாமல் மறைக்க, கல்லை எடுக்கக் கை ஏது? ஜெர்மனியில் விஜிலுக்கு மான்வாக்கே என்று பெயர். மான் என்பது நினைவூட்டி எச்சரிப்பது, வாக்கே என்பது காவல். இரண்டையும் ஒட்டிச் செய்த இந்தச் சொல் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? செய்திகளில் அதிகம் வருவது 'மெழுகுவத்தி ஏந்தி அஞ்சலி'. இறந்தவர்களுக்கான விஜிலுக்கு இது பரவாயில்லை. ஆனால் நடந்துகொண்டிருக்கும் போரை நிறுத்தச் சொல்லி நிற்பவர்கள் யாருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்? 'மெழுகுவத்தி ஊர்வலம்' என்றால் நகரவேண்டும். 'விழிப்புணர்வுக் கூட்டம்' என்பதை நான் இதைவிடவும் ஆபத்தானதாக நினைக்கிறேன். அது பக்கத்தில் நிற்பதுபோலத் தோன்றும், ஆனால் விழிப்புணர்வு என்பது அடுத்தவரை எழுப்புவது. விஜிலில் விழித்திருப்பவர் நிற்பவரேதான்.

'கண்விழிப்பு' பொருளில் கச்சிதம். ஆனால் விரத இரவும், நைட் ஷிஃப்டும், பரீட்சைக்கு முந்தைய இரவும் அதில் ஏறிக்கொள்கின்றன. 'விழிப்பு' மட்டும் என்றால் வழிபாட்டில் நிற்கும். செய்தித்தாளில் வந்தால் ஏதோ எச்சரிக்கை மாதிரி இருக்கும். ஒரு நண்பர் 'விழித்து நிற்றல்' என்றார். தமிழில் விழித்து நிற்பவன் யார்? கேள்விக்குப் பதில் தெரியாமல் திருதிருவென்று முழிப்பவன். வேண்டாம்.

என் தேர்வு 'விழித்திருப்பு'. காரணம், இதற்கு உடன்பிறப்புகள் ஏற்கெனவே தெருவில் இருக்கிறார்கள். உள்ளிருப்புப் போராட்டம், காத்திருப்புப் போராட்டம் என்று சொன்னால் யாருக்கும் உரை தேவையில்லை. அந்த வரிசையில் மூன்றாவதாக இது தயக்கமில்லாமல் உட்காரும். மற்ற இரண்டைப் போலவே இதிலும் செயல் 'இரு' என்ற வினையில் இருக்கிறது. வேண்டியபடி முன்னொட்டும் சேரும்: மௌன விழித்திருப்பு, போரெதிர்ப்பு விழித்திருப்பு, சுடரேந்திய விழித்திருப்பு. கலந்துகொள்பவர்கள் விழித்திருப்போர்.

நட்ட நடுப் பகலில் ஒரு மணி நேரம் நிற்பதை விழித்திருப்பு என்றால் சிரிக்கமாட்டார்களா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் விழித்தல் என்றால் தூங்காதிருப்பது மட்டுமில்லை, கண்ணைத் திறந்து வைத்திருப்பதும்தான். ஊரே கண்ணை மூடிக்கொண்டது என்று நாம் பகலில் நடப்பதைப் பற்றித்தானே சொல்கிறோம்? அதற்கு எதிர்ச்சொல்லாகவும் இது பொருந்துகிறது.

எழுதும்போது ஒன்றைக் கவனித்தால் போதும். 'விழித்திருப்பு நிகழ்வை நடத்தினர்' என்று சொல்லைச் சடமாக்க வேண்டாம், வினையாகவே விட்டுவிடலாம். என் பழைய வாக்கியத்தை இப்போது எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: "வெள்ளை மாளிகை எதிரே, அணு ஆயுதம் வேண்டாம் என்று, முறைபோட்டு விழித்திருந்தார்கள்." ஓரத்தில் "யாரை?" என்று இனி எழுத முடியாது.