எக்செல் காட்டும் 7:15-ஐ நம்பிச் சண்டை போடாதீர்கள்

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒரு தங்கச்சி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீடு செந்தூலில். கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் வீட்டுச் சாமான் வாங்கும் வேலை முழுக்க இவர் தலையில்தான். அதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு மாதம் எக்செலில் குறித்து வைத்திருக்கிறார். ஒரு வரி இப்படி இருந்தது: "சனி, சௌக்கிட் பசார், மீன் காய்கறி, புறப்பட்டது 6:50, திரும்பியது 9:35, ஆனது 2:45." முனை மருந்துக்கடைக்குப் போன 20 நிமிடத்தைக்கூட விடவில்லை.

கீழே கூட்டுத்தொகை 7:15.

கணவர் அதைப் பார்த்துவிட்டு, "மாசத்துக்கு ஏழு மணி நேரம். இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்டிருக்கிறார். "நான்தான் பெரிசுபடுத்திட்டேனாக்கா?" என்று என்னிடம் கேட்கும்போது தங்கச்சிக்குக் குரல் உடைந்துவிட்டது.

நான்கு சனிக்கிழமை பசாருக்குப் போனதே 11 மணி நேரம் ஆகிறது. அப்புறம் எப்படி மொத்தம் 7:15 வரும்? வீட்டில் ஒருவரும் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருவரும் நம்பிவிட்டார்கள். அந்தக் கட்டத்தின் வடிவத்தை மாற்றினேன். 31:15 என்று வந்தது. தங்கச்சி ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடத்தில் இதே தவற்றோடு என்னிடம் வந்த நான்காவது குடும்பம் இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"கட்டத்தில் தெரிவதுதான் கணக்கு" என்ற நினைப்பை முதலில் விடுங்கள். எக்செலுக்கு நேரம் என்றால் சுவர்க் கடிகாரம். ஒரு முழு நாள் அதற்கு 1. ஒன்றரை மணி நேரம் 0.0625. நீங்கள் முக்காற்புள்ளி போட்டு 1:30 என்று எழுதினால், அது விடியற்காலை ஒன்றரை மணி என்றுதான் எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட நேரங்களைக் கூட்டிக்கொண்டே போய் 24-ஐத் தாண்டினால், கடிகாரம் நள்ளிரவில் பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல இதுவும் திரும்பிவிடும். 31:15-இல் 24 கழிந்து 7:15 மட்டும் கண்ணுக்குத் தெரியும். உள்ளே கணக்கு சரியாகவே இருக்கிறது. காட்டும் விதம்தான் தவறு. 24 மணி நேரம் எங்கும் தொலையவில்லை, உங்கள் கண்ணுக்கு மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். எச்சரிக்கை எதுவும் வராது, சிவப்பு நிறம் வராது. அதுதான் ஆபத்து.

சரி, எப்படி மாற்றுவது? கட்டத்தின் வடிவத்தில் (Format Cells) நேரம் (Time) என்ற பிரிவைத் திறந்தால் 37:30:55 என்று ஒரு மாதிரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். கூகல் ஷீட்ஸ் பயன்படுத்துகிறவர்கள் டியூரேஷன் (Duration) என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இதைவிட எனக்கு அதிகம் கோபம் வரவழைப்பது புள்ளி. இது நம் பழக்கத்திலிருந்தே வருகிறது. கல்யாணப் பத்திரிகையில் "காலை 7.30க்கு மேல் 9.00க்குள்" என்றுதானே போடுகிறோம்? பள்ளியிலிருந்து வரும் மலாய்க் கடிதத்திலும் 8.30 என்று புள்ளிதான் இருக்கும். அதே கை எக்செலிலும் 1.30 என்று எழுதிவிடுகிறது. கணினிக்கு அது ஒன்றரை மணி நேரம் அல்ல. வெறும் எண்; மணிக்கணக்காக எடுத்தால் ஒரு மணி 18 நிமிடம். முக்கால் மணி நேரம் இரண்டு தடவை போனால் ஒன்றரை மணி ஆக வேண்டும். நீங்கள் 0.45, 0.45 என்று எழுதினால் அது 0.90 என்று கூட்டித் தரும். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்று அர்த்தம்! இந்தத் தவற்றைப் படித்தவர்களும் செய்கிறார்கள், கணக்குத் துறையில் இருப்பவர்களும் செய்கிறார்கள். மலேசியாவின் கசானா ஆய்வுக் கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் நாளுக்கு 3.6 மணி நேரமும் ஆண்கள் 2.2 மணி நேரமும் செலவிடுவதாகச் சொன்னது. அந்த 3.6-ஐ மூன்று மணி ஆறு நிமிடம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அது மூன்று மணி 36 நிமிடம். அரை மணி நேரம் ஒரு புள்ளியில் போய்விடுகிறது.

"ரெண்டு மணி 20 நிமிடம்" என்று கட்டத்துக்குள் எழுத்தில் எழுதுகிறவர்களும் உண்டு. எழுத்தை எக்செல் கூட்டாது, பேசாமல் தாண்டிப் போய்விடும். நீங்கள் எதையும் நகர்த்தி வைக்காதவரை, எண் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். ஒரு தடவை மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாலே பிடித்துவிடலாம்.

காலை 11:30-க்குப் புறப்பட்டு மதியம் 1:10-க்குத் திரும்பினால் 13:10 என்றுதான் எழுத வேண்டும். 1:10 என்று எழுதினால், எவ்வளவு நேரம் ஆனது என்று கழித்துக் காட்டும் கட்டம் முழுக்க #### என்று நிரம்பும். உடனே கட்டத்தை அகலப்படுத்துகிறார்கள். எவ்வளவு இழுத்தாலும் அது போகாது; புறப்படுவதற்கு முன்பே வீடு திரும்பியதாக எழுதியிருக்கிறீர்களே, அது எப்படிப் போகும்? புறப்படும் நேரத்துக்கு, இப்போதைய நேரத்தைக் காட்டும் நவ் (NOW) என்ற சூத்திரத்தையும் போடாதீர்கள். மறுநாள் கோப்பைத் திறந்தால் அது மறுநாள் நேரமாக மாறியிருக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், அரைப்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்த நேரம் அப்படியே நிற்கும்.

நேரத்துக்குப் பண மதிப்புப் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மணிக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்து 31:15-ஐ நேராகப் பெருக்கினால் 13 வெள்ளி 2 சென் வரும். 24-ஆலும் பெருக்கினால்தான் 312 வெள்ளி 50 சென் வரும். என்னைக் கேட்டால் இந்தப் பெருக்கலே வேண்டாம் என்பேன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் கூலிக் கணக்கு வந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனை வம்பும் வேண்டாம் என்றால் நிமிடத்தில் எழுதுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு இப்போது நான் சொல்லிக் கொடுப்பது இது ஒன்றைத்தான். புள்ளி வேண்டாம், முக்காற்புள்ளி வேண்டாம். பசார் 165, மருந்து 20, அவ்வளவுதான். மாதக் கடைசியில் கூட்டி 60-ஆல் வகுத்துவிடுங்கள். 1875 நிமிடம் என்றால் 31.25 வரும். அதைத் தயவுசெய்து 31 மணி 25 நிமிடம் என்று வாசிக்காதீர்கள். 31 மணி 15 நிமிடம். ஆனால் ஒன்று, பழைய நேரக் கட்டத்திலேயே 45 என்று அடித்துவிடாதீர்கள். அது 45 நாள் என்று எடுத்துக்கொண்டு 0:00 என்று காட்டும். வடிவத்தை மாற்றிய அன்று திடீரென்று 1080 மணி நேரம் என்று வந்து நிற்கும்.

எதையெல்லாம் எழுதுவது என்று பலரும் கேட்கிறார்கள். வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து மீனை ஐஸ்பெட்டியில் வைப்பது வரை எழுதுங்கள். கார் நிறுத்த இடம் தேடியதும், நெரிசலில் நின்றதும், இரவு படுக்கையில் கைப்பேசியில் அரிசியும் டயப்பரும் ஆர்டர் செய்ததும் அதில் சேர்ந்ததுதான். ஐக்கிய நாடுகள் சபையின் நேரப் பயன்பாட்டு வகைப்பாடே, வீட்டுக்காகக் கடைக்குப் போவதையும் அதற்கான பயணத்தையும் சம்பளமில்லா வீட்டு வேலை என்ற ஒரே பிரிவில்தான் வைத்திருக்கிறது. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில் கடைக்குப் போனால், அதற்காகக் கூடுதலாக ஆன நேரத்தை மட்டும் எழுதுங்கள். அங்கே நேர்மை வேண்டும்.

யார் போனது என்று தாளில் ஒரு பத்தி (column) கட்டாயம் வையுங்கள். தீபாவளி மாதத்தில் தொடங்காதீர்கள். மஸ்ஜித் இந்தியா பக்கம் துணி எடுக்கப் போன நாட்களை வைத்து வருடக் கணக்குப் போட முடியாது. சாதாரணமான நான்கு வாரம் எழுதினால் போதும்.

முதல் வரி எழுதும் முன் ஒரு சோதனை செய்யுங்கள், ஒரு நிமிடம்தான் ஆகும். ஒரு கட்டத்தில் 20:00, அடுத்ததில் 10:00 என்று எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். 30:00 என்று வந்தால் தொடங்கலாம். 6:00 என்று வந்தால், அந்தத் தாளை வைத்து வீட்டில் யாரிடமும் எதுவும் பேசாதீர்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.