பில் வருவதற்கு முன்னால்

என் மேஜை பில்லிங் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னையில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கராகப் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். பில்லைப் பார்த்துத் தலை சுற்றி நிற்பவர்களை "மேடத்தைப் போய்ப் பாருங்க" என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள். வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு நகைக்கடைத் துணிப்பை இருக்கும். உள்ளே ஸ்கேன் படம், மாத்திரை அட்டை, சில சமயம் அடகுச் சீட்டு.

போன வருடம் வியாசர்பாடியிலிருந்து ஒரு அக்கா அப்படித்தான் வந்தார். கணவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி. தெருமுனையில் விளக்கு எரிந்துகொண்டிருந்த நர்சிங் ஹோமுக்கு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். ஐசியூவில் இரண்டு ராத்திரி, 62,000 ரூபாய். மூன்றாம் நாள் காலையில்தான் "ஆஞ்சியோ பண்ணணும், இங்கே அந்த வசதி இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் தாலிச் செயின் சேட்டுக் கடைக்குப் போய்விட்டது.

பையை என் மேஜையில் கவிழ்த்தார். பில்களுக்கு நடுவே ஸ்மார்ட் ரேஷன் கார்டு கிடந்தது. "காப்பீட்டு அட்டை எடுத்திருக்கீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"அது எதுக்கும்மா, ஆளு நல்லாதானே இருந்தாரு."

இந்தப் பதிலை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். நான் பார்த்த வரையில், சரியான இடத்துக்கு வந்து சேர்வதற்குள்ளேயே பாதிக் காசு கரைந்துவிடுகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-லிருந்து நடக்கிறது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைத்தார்கள். இப்போது ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சென்னைக்கு அது ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. ஒரு ரூபாய்கூட கட்டணம் கிடையாது. வாசலில் "நான் எடுத்துத் தரேன்" என்று யாராவது வந்தால் கண்டுகொள்ளாமல் உள்ளே போங்கள்.

இதில் ஜனங்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று ரேஷன் கார்டு. கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருக்கும், மருமகள் பெயர் இன்னும் அவள் அம்மா வீட்டுக் கார்டில் திருவண்ணாமலையிலேயே இருக்கும். குழந்தை பெயர் எதிலுமே இருக்காது. கார்டில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீட்டிலும் இடமில்லை. அவசரம் வரும்போது போய்ப் பெயர் சேர்க்க முடியாது. அதற்கு ஆகும் நாட்களில் பில் இரட்டிப்பாகிவிடும்.

இன்னொன்று, "முதல்ல கட்டிடலாம், அப்புறம் கிளைம் பண்ணிக்கலாம்" என்ற நினைப்பு. கம்பெனியில் கொடுக்கும் இன்சூரன்ஸைப் பார்த்து வந்த பழக்கம் இது. முதல்வர் காப்பீட்டில் அந்தக் கணக்கே இல்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்கும். பணம் நேராக அவர்களுக்குப் போகும். நீங்கள் கையிலிருந்து கட்டியது கட்டியதுதான். ஒரு ஆஸ்பத்திரி போர்டில் திட்டத்தின் பெயர் எழுதியிருந்தால் மட்டும் போதாது. இதயத்துக்கு உண்டு, எலும்புக்கு இல்லை என்று இருக்கலாம். அதனால் அட்மிஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் "இந்த நோய்க்கு இங்கே கார்டு ஓடுமா?" என்று நேராகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993-க்குக் கூப்பிடலாம், கட்டணமில்லாத எண்.

கார்டே இல்லையா? அதற்காக அரசு மருத்துவமனையில் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் கேஎம்சி, ஓமந்தூரார் எல்லாவற்றிலும் இதயத்துக்கு ஆஞ்சியோ பண்ணும் கேத் லேப் இருக்கிறது. வியாசர்பாடியிலிருந்து ஸ்டான்லி எவ்வளவு தூரம் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சு வலிக்கு 108-ஐக் கூப்பிட்டால், வருகிறவரிடம் "கேத் லேப் இருக்கிற இடத்துக்குப் போங்க" என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

சரி, இதெல்லாம் பெரிய நோய்க்கு. தினம் தினம் காசு போவது சின்ன நோய்க்குத்தான். காய்ச்சல் வந்தாலும் ஜி.எச்., முதுகு வலித்தாலும் ஜி.எச். என்று காலையில் ஓபி சீட்டு க்யூவில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதற்குப் பயந்துதான் பலர் சாயங்காலம் தெரு கிளினிக்கில் இருநூறு முந்நூறு கொடுத்து ஊசி போட்டுக்கொண்டு வருகிறார்கள். மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் 140 இருக்கின்றன. அவற்றோடு நகர்ப்புற நலவாழ்வு மையங்களும் சேர்ந்திருக்கின்றன. 2023 ஜூன் 6-ல் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் 500 திறந்தார்கள். காலை 8 முதல் 12 வரை, அப்புறம் மாலை 4 முதல் 8 வரை. டாக்டர், நர்ஸ் இரண்டு பேரும் இருப்பார்கள். அந்த மாலை நேரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சித்தாள் வேலைக்குப் போகிறவர் வேலை முடிந்து, முகம் கழுவிக்கொண்டு போய் பிரஷர் பார்த்துக்கொள்ளலாம். அந்த அக்காவின் கணவருக்கு எத்தனை வருடமாக பிரஷர் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? பார்த்ததே இல்லை.

பிரஷர், சர்க்கரை இருப்பவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியது. அதன் இன்னொரு பாதி பலருக்குத் தெரிவதில்லை. பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறவருக்கு பிசியோதெரபி, புற்றுநோய் முற்றியவருக்கு வலி தணிப்புச் சிகிச்சை எல்லாம் வீட்டிலேயே தருவது இதே திட்டம்தான். உங்கள் வார்டு சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

நாய்க்கடிக்கும் அங்கேயே ஊசி உண்டு, இலவசம். முதலில் குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். முதல் நாள் ஊசி போட்டபின் 3, 7, 28-வது நாட்களுக்கும் போக வேண்டும். இரண்டு ஊசியோடு நின்றுவிடுகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் இம்யூனோகுளோபுலின் என்று, உடனே பாதுகாப்புக் கொடுக்கும் இன்னொரு ஊசியும் வேண்டியிருக்கும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள், உடனே போங்கள்.

மருந்துச் செலவைப் பற்றி ஒன்று. கையில் இருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குப் பக்கத்திலோ கீழேயோ பொடி எழுத்தில் டெல்மிசார்டன் 40, மெட்ஃபார்மின் 500 என்று இருக்கும். அதுதான் மருந்து. அந்தப் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மக்கள் மருந்தகத்துக்கோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்துக்கோ போய்க் கேளுங்கள். அதே மருந்து, அதே மில்லிகிராம், விலை பெரும்பாலும் பாதிக்கும் கீழே. மாற்றி வாங்கியதை அடுத்த முறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வலிப்பு மருந்து, தைராய்டு மருந்து மட்டும் கேட்காமல் மாற்றவே வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எம்ஆர்ஐக்குத் தேதி தள்ளிப் போகும். ஒரு இடத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் என் கண்ணெதிரே நூறு ரூபாய் கேட்டு நின்றார். ஆனால் பயத்தில் எடுக்கும் முடிவு அதைவிடக் கூடுதலாகப் பறித்துக்கொள்கிறது. எனக்கே நடந்தது. அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோது, ஊருக்கெல்லாம் சொல்கிற நான், கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினேன். மணிக்கட்டில் ஒரு முறிவு. ஒரு ராத்திரிக்கு 41,000. "எஸ்டிமேட் எவ்வளவு, எழுதிக் கொடுங்க" என்று கேட்கக்கூட அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் நல்ல நாளிலேயே ஒரு வேலை செய்துவைத்துவிட்டேன். ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை, அம்மா சாப்பிடும் மாத்திரைகள், கடைசி ஈசிஜி எல்லாவற்றையும் படம் எடுத்து எங்கள் மூன்று பேர் போனிலும் போட்டிருக்கிறேன். பழைய ஈசிஜி கையில் இருந்தால் டாக்டருக்கு எவ்வளவு உதவி என்று கேஷுவாலிட்டியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கே போவது என்றே தெரியாத, உயிருக்கு ஆபத்தில்லாத விஷயங்களுக்கு 104-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

அந்த அக்காவின் தம்பி அலைந்து வருமானச் சான்று வாங்கிவந்தார், கலெக்டர் ஆபீசில் பதிந்தார்கள், மூன்றாவது நாள் அனுமதி வந்தது. ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, அதற்கு ஒரு பைசா அவர்கள் கட்டவில்லை. நர்சிங் ஹோமில் கட்டிய 62,000 போனது போனதுதான். போன வாரம் ரிவ்யூவுக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர் இப்போது மூட்டை தூக்குவதில்லை, அதே மார்க்கெட்டில் எடை போடுகிறார். செயினுக்கு வட்டி மட்டும் கட்டிவருகிறார்களாம்.