எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் சி சேரும்போது

எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் தொற்றினால் எய்ட்ஸ் நிலை சீக்கிரம் வந்துவிடுமா? இதில் மருத்துவர்களே நெடுநாள் ஒத்துப்போகவில்லை. இரண்டு தொற்றும் உள்ளவர்களுக்கு, எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கிய பிறகும் சிடி4 அணுக்கள் (எச்.ஐ.வி. அழிக்கும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) மெதுவாகவே கூடின, நோயும் அதிகமாக முற்றியது என்று 2000-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு சொன்னது. 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றோ, யார் எவ்வளவு சிகிச்சை பெற்றார்கள் என்பதைக் கணக்கில் எடுத்ததும் அப்படி ஒரு வேறுபாட்டைக் காணவில்லை.

கேள்வியைத் திருப்பிப் போட்டால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எச்.ஐ.வி.தான் ஹெபடைடிஸ் சி-யை வேகமாக முற்றவைக்கிறது. கல்லீரல் சுருங்கிக் கெட்டுப்போகும் சிரோசிஸ், சி தொற்று மட்டும் உள்ளவர்களைவிட இரண்டு தொற்றும் உள்ளவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது.

இதன் தொடக்கம் கல்லீரலில் இல்லை, குடலில் இருக்கிறது. உடலின் சிடி4 அணுக்களில் பெரும்பங்கு குடல் சுவரில்தான் குடியிருக்கிறது. தொற்றிய சில வாரங்களிலேயே எச்.ஐ.வி. அவற்றை அழித்துவிடுகிறது. காவல் குறைந்த சுவர் வழியே குடல் பாக்டீரியாக்களின் துணுக்குகள் கசிகின்றன. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அங்கே ஏற்கெனவே சி கிருமியால் அழற்சி. வந்து சேரும் துணுக்குகள் அதை இன்னும் தூண்ட, தழும்புத் திசுவை உண்டாக்கும் விண்மீன் வடிவ அணுக்கள் ஓயாமல் நார் பின்னுகின்றன. இந்த அணுக்களை எச்.ஐ.வி.யின் மேலுறைப் புரதம் நேரடியாகவே கிளறிவிடுவதும் ஆய்வகங்களில் தெரிந்திருக்கிறது.

சேதமான கல்லீரல் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு இடைஞ்சலாகிறது. சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாமல் போகும், மாற்ற வேண்டிவரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிரோசிஸில் மண்ணீரல் வீங்கி வெள்ளணுக்களைத் தனக்குள் தேக்கிக்கொள்ளும். அப்போது எச்.ஐ.வி. கட்டுக்குள் இருந்தும் சிடி4 எண்ணிக்கை குறைவாகத் தெரியலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கலங்காமல் சிடி4 விழுக்காட்டையும் (லிம்போசைட் வகை வெள்ளணுக்களில் சிடி4-இன் பங்கு) மருத்துவரிடம் கேட்பது நல்லது.

இவ்வளவுக்கும் நடுவே பெரிய ஆறுதல் ஒன்று உண்டு. எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை நம் அணுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிக்கொள்கிறது, அதனால்தான் அதை அடக்கிவைக்க முடிகிறது, அகற்ற முடிவதில்லை. சி கிருமி அப்படி ஒளிவதில்லை. அது ஆர்.என்.ஏ. கிருமி, அணுக்கருவுக்கு வெளியிலேயே பெருகுகிறது. பெருகுவதை நிறுத்திவிட்டால் அடியோடு போய்விடும். இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் 48 வாரம் அவதிப்பட்டும் இரண்டு தொற்றும் உள்ளவர்களில் பாதிப்பேர்கூடக் குணமாகவில்லை. சி கிருமியை நேரடியாகத் தாக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013-இல் வந்த பிறகு நிலைமை மாறியது. இன்று 8 முதல் 12 வார மாத்திரைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் குணமாகிறார்கள். எச்.ஐ.வி. இருப்பதால் அந்த வெற்றி குறைவதில்லை. எச்.ஐ.வி. மருந்தோடு மோதாத மாத்திரையாகத் தேர்ந்தெடுத்தால் போதும். தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் அவசியம், ஏனென்றால் சி விலகும்போது அடங்கிக் கிடந்த பி தலைதூக்கக்கூடும்.

சிடி4 மிகவும் குறைந்தவர்களுக்கு ஹெபடைடிஸ் சி எதிர்ப்புரதப் (கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் புரதம்) பரிசோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டலாம். சந்தேகம் இருந்தால் கிருமியின் ஆர்.என்.ஏ.வையே தேடிப் பார்க்க வேண்டும். குணமானவருக்கு அந்த எதிர்ப்புரதம் ரத்தத்தில் தங்கிவிடும், ஆனால் காப்பாற்றாது. ஊசியைப் பகிர்ந்தால் மறுபடியும் தொற்றும். சிரோசிஸ் வரை போய் மீண்டவர்கள் கல்லீரல் புற்றுநோய்க்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.