புல்லின் ஈரமும் வேட்டைக்காலமும்

மாசி மாதத்தின் கடைசி வாரத்தில், அழகர்மலை அடிவாரத்தில், காலை ஆறரை மணிக்கு ஒரு காய்ந்த புல்தண்டைப் பிடுங்கி விரலில் சுற்றிப் பார்த்தேன். அது ஒடியாமல் நூல்போல் வளைந்தது. பகல் இரண்டு மணிக்கு அதே தூரிலிருந்து இன்னொரு தண்டைப் பிடுங்கி வளைத்தபோது, பாதி வளைவதற்குள் 'சடக்' என்று முறிந்தது. இடைப்பட்ட ஏழரை மணி நேரத்தில் அந்தப் புல்லுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் புரிந்துகொண்டால், காட்டுத்தீ எப்போது பிடிக்கும் என்பதும், வேட்டைக்கு ஏற்ற காலம் என்று உலகெங்கும் கருதப்பட்ட நாள்களே தீக்கும் ஏற்ற நாள்களாக இருப்பது ஏன் என்பதும் பெருமளவு விளங்கிவிடும்.

உயிருள்ள செடி வேரால் நீர் எடுத்துத் தன் ஈரத்தைத் தானே காத்துக்கொள்கிறது. செத்த புல்லுக்கு அந்த வசதி இல்லை; சுற்றியுள்ள காற்றில் ஈரம் கூடினால் அதை உறிஞ்சும், குறைந்தால் விட்டுவிடும். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை நெருங்கும்போது, செத்த புல்லும் சருகும் தம் உலர் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரைச் சுமந்திருக்கக்கூடும். பகலில் வெப்பம் 35 பாகையைத் தொட்டு, ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டால், அந்த நீர் ஆறு விழுக்காட்டளவுக்குச் சுருங்கிவிடும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். எரியும் புல் தன் வெப்பத்தில் ஒரு பகுதியை அடுத்த புல்லின் நீரை விரட்டுவதற்கே செலவிட வேண்டியிருப்பதால், ஈரம் ஓர் எல்லைக்கு மேல் இருந்தால் தீ தானே அணைந்துபோகும். அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால், ஒரு பீடித் துண்டு போதும்.

இதே கணக்கு விறகுக்கும் பொருந்தும், ஆனால் வேகம் வேறு. விறகடுப்பு மூட்டியவர்களுக்குச் சுள்ளி, குச்சி, கட்டை என்னும் வரிசை தெரியும். தீயியல் வல்லுநர்களும் ஏறக்குறைய அதே வரிசையைத்தான் எண்களாக மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆறு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள புல்லும் சருகும் காற்றின் ஈரத்துக்கு ஏற்பப் பெருமளவு மாறுவதற்கு ஒரு மணி நேரம் போதும் என்பதால் அவற்றை 'ஒரு மணி எரிபொருள்' என்கிறார்கள். விரல் பருமன் குச்சிக்குப் பத்து மணி, கை பருமன் கிளைக்கு நூறு மணி, அதனினும் பருத்த அடிமரக் கட்டைக்கு ஆயிரம் மணி, அதாவது ஆறு வாரம். எனவே ஒரு நாளின் வெயில் புல்லைத் தயார்ப்படுத்திவிடும். கட்டையைத் தயார்ப்படுத்த வறட்சி வேண்டும். தீ பிடிப்பதைப் புல் முடிவு செய்கிறது. பிடித்த தீ எத்தனை நாள் நிற்கும், எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதைக் கட்டை முடிவு செய்கிறது.

இனி வேட்டைக்கு வருவோம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் பொங்கலை ஒட்டியும் மாசி சிவராத்திரியை ஒட்டியும் ஊர்கூடிப் பாரிவேட்டை போகும் பழக்கம் இருந்தது. கம்பும் வலையும் நாயுமாக முயல் தேடிப் போவார்கள். அந்த மாதங்களை ஊர்கள் தேர்ந்ததில் பக்தி எவ்வளவு என்று நான் அளக்கப் போவதில்லை, ஆனால் இயற்கைக் காரணம் மிகத் தெளிவானது. அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடியிருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்துவிட்டதால் கரட்டுக் காட்டின் மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கியிருக்கும். புல் பழுத்துச் சாய்ந்திருக்கும். விலங்குக்கு மறைவிடம் குறைகிறது, பார்வை நெடுந்தூரம் போகிறது, காலடியில் சருகு நொறுங்கி முயல் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மறைவை நீக்கிய அதே காய்ச்சல்தான் எரிபொருளையும் உண்டாக்குகிறது.

இதை எழுதுவது வேட்டைக்கு வக்காலத்து வாங்குவதற்கு அன்று. 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது; சுடுவது மட்டுமன்றிக் கண்ணி வைப்பதும் விரட்டிப் பிடிக்க முயல்வதுங்கூட அந்தச் சட்டத்தின் கண்ணில் வேட்டையே. சரணாலயத்துக்குள் தீ மூட்டுவதையும், மூட்டிய தீயை எரியவிட்டுச் செல்வதையும் அதே சட்டம் தனியே விலக்கியிருக்கிறது. வேட்டைக்காலம் என்ற ஒன்று நம்மிடம் இப்போது இல்லை. ஆனால் அதை உண்டாக்கிய வறட்சியின் சுழற்சி அப்படியே இருக்கிறது.

அந்தச் சுழற்சியை நிலத்தைவிட நீரில் எளிதாகப் பார்க்கலாம். மேலூர்ப் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றி முழங்காலளவு நீர் எஞ்சும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் ஊத்தாவும் வலையுமாக ஒரே நேரத்தில் இறங்குவார்கள். நூறு ஏக்கரில் பரவியிருந்த மீன் இரண்டு ஏக்கரில் அடைபட்டதால்தான் வெறுங்கையோடு இறங்கியவருக்கும் கெளுத்தியோ விராலோ கிடைக்கிறது. மலையில் ஊற்றுகள் வற்றும்போது மானுக்கும் காட்டுமாட்டுக்கும் காட்டுப்பன்றிக்கும் நேர்வது இதுவே. மீன்கள் கூடிவிட்டதைக் கண்டு கண்மாயில் மீன் பெருகிவிட்டதாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் மீதமிருக்கும் ஒரு சுனையைச் சுற்றி விலங்குகள் நெருங்கி நிற்பதைப் பார்த்து அவை பெருகிவிட்டதாக எண்ணும் பிழை மிக எளிதில் நேர்கிறது.

நெருக்கத்தின் விலை நோய். நம் ஆட்டுக்காரர்களுக்கு நீலநாக்கு நோய் தெரியும்; கொசுவைவிடச் சிறிய ஒருவகைக் கடிக்கும் பூச்சி அதைப் பரப்புகிறது. அந்த நோய்க்கிருமிக்கு நெருங்கிய உறவான இன்னொரு வைரஸ் அமெரிக்காவின் வெண்வால் மான்களை இரத்தக்கசிவு நோயால் கொல்கிறது. அதைச் சுமக்கும் பூச்சி சேற்றில் முட்டையிடுவது. குளம் சுருங்கினால் சுற்றிலும் சேறு விரியும், மான்களும் அங்கேயே வந்து சேரும். 2012-இல் அந்நாட்டின் நடுப்பகுதியைக் கடும் வறட்சி பிடித்தபோது, இந்நோய் பல மாநிலங்களில் பெருங்கொள்ளைநோயாகப் பரவியது. கோடைக் கடைசியில் மான்கள் செத்து, அதன்பின் இலையுதிர்கால வேட்டை தொடங்குவதால், சில இடங்களில் எத்தனை மானுக்கு உரிமம் தருவது என்பதையே மாற்ற வேண்டியதாயிற்று.

வறட்சி கூடினால் தீயும் கூடும் என்பது சரியான விதி போலத் தோன்றும். நம் பக்கத்துக் காடுகளில் அது பாதி உண்மையே. நாகமலையைப் போன்ற வறண்ட கரடுகளில் தீக்கு எப்போதும் குறைவாக இருப்பது வெயில் அன்று, புல். 2016-இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் கரட்டில் முளைக்கும் புல்லே சொற்பம், முளைத்ததையும் ஆடு மாடுகள் மேய்ந்துவிடும், ஆகவே தீ பிடித்தாலும் ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குத் தாவ வழியிருக்காது. மாறாக, மழை நன்றாகப் பெய்து, புல் இடுப்பளவு வளர்ந்து, அதன்பின் தை மாசியில் வெயில் முன்கூட்டியே ஏறிவிட்ட ஆண்டே இங்கே ஆபத்தானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரத்திலுள்ள ஈரக்காடுகளில் கணக்கு தலைகீழ்: அங்கே எரிபொருள் ஆண்டு முழுவதும் குவிந்து கிடக்கிறது, அதை உலர்த்துவதற்குத்தான் நீண்ட வறட்சி வேண்டும். கரட்டுக்கும் ஈரக்காட்டுக்கும் ஒரே எச்சரிக்கைக் குறியைப் பயன்படுத்தினால் ஏதேனும் ஒன்றில் ஏமாந்துபோவோம்.

சரிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சமதளத்தில் தீயின் நாக்கு மேல்நோக்கி எழும். சரிவிலோ அது மேலேயுள்ள புல்லின் மீதே சாய்ந்து, தொடுவதற்கு முன்பே அதை வறுத்துவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடும்தோறும் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. முப்பது பாகைச் சரிவில் அது எட்டு மடங்கு. 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் போடியை அடுத்த குரங்கணி மலையில், போதைப்புல் என்னும் உயரமான புல் நிறைந்த சரிவில் மலையேற்றக் குழுக்கள் தீயில் சிக்கியபோது இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆளுயரப் புல், உச்சி வெயிலுக்குப் பிந்தைய நேரம், மேல்நோக்கி வீசும் பகல் காற்று, செங்குத்தான சரிவு ஆகிய நான்கும் கூடிவிட்ட இடத்தில் மனிதக் கால் தீயை முந்துவது அரிது.

வேட்டைக்காலம் சட்டப்படி நடக்கும் நாடுகளில் இந்தக் கணக்கு நேரடியாக நாட்காட்டியில் மோதுகிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் பலவற்றில் வில் வேட்டை ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்கும், துப்பாக்கி வேட்டை அக்டோபரில் வரும். அங்கே மழை பெரும்பாலும் குளிர்காலத்தது. ஆகவே வேட்டைக்காரர் காட்டுக்குள் போகும் நாள்களில் கட்டைகூடக் கோடை முழுவதும் காய்ந்து கிடக்கும். உரிமத்தின் தேதி மாதங்களுக்கு முன்பே அச்சாகிவிட்டது. புல்லின் ஈரமோ அன்றன்று மாறுவது. 2021 ஆகஸ்ட் 31 இரவு முதல் இரண்டு வாரத்துக்கும் மேலாகக் கலிஃபோர்னியாவின் ஏறக்குறைய எல்லாத் தேசியக் காடுகளையும் மூடினார்கள். உரிமம் வைத்திருந்தவர்களும் உள்ளே போக முடியவில்லை. மூடாத நாள்களில்கூடக் குளிர்காயும் நெருப்புக்குத் தடை, பாதை விலகிப் புல்லில் வண்டி நிறுத்தத் தடை என்று படிப்படியாக இறுக்குவார்கள். வண்டியின் அடியிலுள்ள சூடான சைலன்ஸர் காய்ந்த புல்லில் பட்டாலே போதும். துப்பாக்கிக் குண்டும் குற்றமற்றதன்று: அந்நாட்டு வனத்துறை ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனைகளில், எஃகு கலந்த குண்டும் முழுச் செம்புக் குண்டும் கடினமான இலக்கில் மோதிச் சிதறியபோது அந்தத் துணுக்குகள் உலர்ந்த மக்கைப் பற்றவைத்தன.

தீ நேரடியாகக் கொல்லும் பெரிய விலங்குகள் நாம் அஞ்சுவதைவிடக் குறைவு. 1988-இல் யெல்லோஸ்டோன் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தபோது, பல்லாயிரம் எல்க் மான்களில் தீயில் இறந்தவை சில நூறுதான். மேய்ச்சல் போய்விட்டதால் அடுத்து வந்த குளிர்காலத்தில் பட்டினியால் செத்தவை அதைவிட மிகுதி. நம் கரட்டில் முயல் ஓடித் தப்பும், வளையில் இருப்பவை மண்ணின் காப்பில் தப்பும். தரையில் இடப்பட்ட கௌதாரி முட்டையும், ஓடத் தெரியாத குட்டியும் தப்புவதில்லை. எரிந்த சாம்பலில் ஒரு சிறு மழை விழுந்தால் சில நாள்களில் இளம்புல் துளிர்க்கும், சத்து மிகுந்த அந்தத் துளிரைத் தேடி மானும் மாடும் வரும். மேய்ச்சலுக்காகவும் வேட்டைக்காகவும் மனிதர் வேண்டுமென்றே காட்டைக் கொளுத்தி வந்ததன் சூட்சுமம் இதுவே. இந்தியக் காட்டுத்தீயில் மின்னலின் பங்கு மிகச் சிறிது; தேனெடுப்பவரின் பந்தம், வேண்டுமென்றே வைத்த தீ, அணைக்காத அடுப்பு என்று ஏறக்குறைய எல்லாமே மனிதக் கையில்தான் தொடங்குகின்றன.

ஆகவேதான் வனத்துறையார் தை மாசியிலேயே சிறுமலை போன்ற காடுகளில் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள், விலங்குகளுக்குத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்புகிறார்கள். இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் செயற்கைக்கோள்களின் அகச்சிவப்புப் பதிவிலிருந்து தீப்புள்ளிகளைக் கண்டு கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. 375 மீட்டர் சதுரத்துக்குள் தெரியும் ஒரு வெப்பப் புள்ளி அது. செயற்கைக்கோள் கடந்துபோன பிறகு பற்றிய தீயை அடுத்த சுற்றில்தான் பார்க்க முடியும் என்பதால், மலையடிவாரத்திலிருந்து புகையைப் பார்த்துப் பேசும் ஆளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

சித்திரையில் ஓர் இடிமழை இறங்கியதும் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். அந்த மழையில் நனைந்த புல் மறுநாள் பிற்பகலுக்குள் மீண்டும் விரலில் முறியும். விழுந்து கிடக்கும் தேக்கங்கட்டையோ மேற்பட்டை மட்டும் நனைந்திருக்க, உள்ளே ஆறு வாரத்துக் காய்ச்சலை அப்படியே வைத்திருக்கும். முன்பே தீப்பட்ட கட்டையானால், மழை விட்ட மூன்றாம் நாளும் அதன் பொந்திலிருந்து மெல்லிய புகை வரும்.