நீர்க்கூழ்மம் அல்ல, நீர்க்களி

போன மாதம் காரைக்குடியில் ஒரு கல்லூரி அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு பலகையில் இப்படி எழுதியிருந்தது: 'சுய கூட்டப் புரத நீர்க்கூழ்மங்களின் கணினி வடிவமைப்பு'. பக்கத்தில் நின்ற மாணவியிடம், "இது என்னம்மா?" என்று கேட்டேன். "ஹைட்ரோஜெல் ஐயா. புரதத்துல செய்யிறது. தானாவே கோத்துக்கிட்டு கெட்டியாயிரும்" என்றாள். அவள் வாயால் சொன்னது உடனே புரிந்தது. பலகையில் இருந்தது இரண்டு முறை படித்தும் புரியவில்லை. இந்த 'நீர்க்கூழ்மம்' என் கண்ணில் படுவது முதல் தடவையும் அல்ல. ஓரிடத்தில் 'ஹைட்ரஜன் கூழ்' என்றே பார்த்திருக்கிறேன்.

வேர் சுருக்கமானது. 'ஹைட்ரோ' கிரேக்க மொழியில் தண்ணீர். ஹைட்ரஜன் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான், 'நீரை உண்டாக்குவது' என்று பொருள். அதற்காக ஹைட்ரோ என்று கண்ட இடமெல்லாம் ஹைட்ரஜன் ஆகிவிடாது. 'ஜெல்' என்பது ஜெலட்டினின் சுருக்கம், அதன் மூலம் இலத்தீனில் உறைதலைக் குறிக்கும் வினை. இந்தச் சுருக்கத்தைப் புழக்கத்தில் விட்டவர் ஸ்காட்லாந்து வேதியியலர் தாமஸ் கிரஹாம். ஒரு பொருளுக்குள் இன்னொன்று மிக நுண்ணிய துகள்களாகப் பரவி நிற்கும் கலவைக்கு 1861-ல் 'கொலாய்டு' என்ற சொல்லைத் தந்தவரும் அவரே. 1960-ல் செக்கோஸ்லோவாகியாவின் வேதியியலர்கள் ஓட்டோ விக்டர்லேயும் லிம்மும் உடம்புக்கு ஒத்துப்போகும் ஜெல் பற்றி எழுதினார்கள், அதன் வழியில்தான் மெத்தென்ற கான்டாக்ட் லென்ஸ் வந்தது. வேர் இவ்வளவுதான்.

பொருள் என்ன? நூல் நூலாக நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலையாகின்றன, வலைக்கண்ணில் தண்ணீர் சிக்கி நிற்கிறது. எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான், ஆனாலும் அது ஓடாது. ஆய்வகத்தில் ஜெல் ஆனதா என்று பார்க்க முதலில் செய்வது, சிறு குப்பியைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. வழிந்தால் இன்னும் ஆகவில்லை, நின்றால் ஆகிவிட்டது.

இந்தச் சோதனையை நம் அடுப்படியில் வைத்துப் பார்ப்போம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுவது கூழ். அதைச் செம்பில் வாங்குகிறோம், குடிக்கிறோம். உளுந்தங்களியை யாரும் குடிப்பதில்லை. என் அப்பத்தா களி கிண்டி, உருட்டி, நடுவில் குழி போட்டு நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார். அந்தக் குழி நாம் சாப்பிட்டு முடிக்கும் வரை நிற்கும். கூழில் குழி போட முடியுமா? கூழ் குடிப்பது, களி தின்பது. தமிழ் இந்த இரண்டையும் வினையிலேயே பிரித்து வைத்திருக்கிறது. குப்பியைக் கவிழ்த்தால் வழியாத பொருளுக்குப் போய், வழிவதே இயல்பான கூழின் பெயரை வைப்பது எப்படிச் சரி? அதனால்தான் ஹைட்ரோஜெல்லை நீர்க்களி என்கிறேன்.

'அது கூழ் இல்லை, கூழ்மம்' என்பார்கள். அங்கேதான் தவறு இன்னும் பெரிதாகிறது. கூழ்மம் என்ற சொல் ஏற்கெனவே கொலாய்டுக்குப் போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள்: பால் கூழ்மம், மூடுபனி கூழ்மம், புகைகூடக் கூழ்மம். ஜெல் என்பது கூழ்மங்களில் ஒரு வகை. வகைக்கும் இனத்துக்கும் ஒரே பெயர் வைத்தால் படிக்கிற பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? 'நீர்க்கூழ்மம்' என்று சொன்னால் அது பாலா, நுங்கா என்று தெரியாது. இத்தனைக்கும் நுங்கு இயற்கை தந்த ஜெல். ஊறவைத்த பாதாம் பிசினும் அப்படியே. அவற்றில் வலையாக நிற்பது மாவுச்சத்துக்கு உறவான சர்க்கரைச் சங்கிலிகள், புரதம் அல்ல.

'நீருறை' என்று ஒரு நண்பர் சொன்னார். ஜெல்லின் மூலமே உறைதல்தானே, தயிரும் உறைகிறது என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஜெல் ஆகும் வினைக்கு 'உறைதல்' என்றே வைத்துக்கொள்ளலாம். பெயராக வரும்போதுதான் சிக்கல், தலையணை உறை போல நீருக்கு மாட்டிய உறையாகிவிடும். களி என்றால் ஜெயில் சாப்பாடு என்று சிரிப்பார்களே என்றும் கேட்டார். சிரிக்கட்டும். திருவாதிரைக்கும் களிதான் படைக்கிறோம். தண்ணீரை வாங்கி உப்பி, பிடித்த உருவில் நிற்கும் மண்ணுக்குக் களிமண் என்று நம் முன்னோர் பெயர் வைத்ததும் காரணத்தோடுதான். நீர்க்களி என்று சொன்னால் பத்தாவது படிக்கிற பிள்ளையும், பிரண்டைத் துவையல் அரைக்கிற அம்மாவும் ஒரே பொருளை நினைப்பார்கள்.

அப்புறம் 'சுய கூட்டம்'. கூட்டம் என்றால் நமக்கு ஆட்கள். இங்கே நடப்பது கோத்தல். (பலரும் எழுதும் 'கோர்த்தல்' பேச்சு வழக்கு, எழுத்தில் கோத்தல்.) ஆட்டுக்கால் சூப்பை இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் கட்டியாகி அலுங்கும், அதைப் பார்க்காத செட்டிநாட்டு வீடு இருக்காது. அதுதான் அசல் புரத நீர்க்களி. எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் கொதியில் அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது. ஆறும்போது அந்த நூல்கள் அங்கங்கே மீண்டும் முறுக்கிக்கொண்டு வலையாகின்றன. யாரும் கோக்கவில்லை, தானே கோத்துக்கொள்கிறது. கொலாஜன் மூன்று புரியாகத் திரிந்த கயிறு என்று 1954-55-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்னவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 'முப்புரி' என்று நம்மிடம் சொல் இருக்க, 'மூன்று மடங்கு சுருள்' என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல?

ஜெலட்டின் களி உடம்புச் சூட்டில் இளகிவிடும். உடம்புக்குள் மருந்தைப் பிடித்து வைக்கவோ, செல்களை வளர்க்கவோ நிலைத்து நிற்கும் களி வேண்டும். 1998-ல் அமெரிக்க வேதியியலர் டேவிட் டிரெல் குழுவினர் ஒரு புரதம் செய்தார்கள். இரு முனையிலும் புரியாக முறுக்கிக்கொள்ளும் துண்டு, நடுவில் தண்ணீரை விரும்பும் நீண்ட துண்டு. முனைகள் பக்கத்துப் புரதத்தின் முனைகளோடு திரிந்து கோத்துக்கொள்ள, களி ஆயிற்று. சூட்டையோ காரத்தன்மையையோ கூட்டினால் முறுக்கு அவிழ்ந்து நீராகிவிடும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. எந்த அமினோ அமிலத்தை எங்கே வைத்தால் எவ்வளவு இறுக்கமாகக் கோக்கும் என்பதை இப்போது கணினியில் முன்கூட்டியே கணிக்கிறார்கள். இருபது வகை அமினோ அமிலம், நூறு இடம் என்றால் இருபதை நூறு தடவை பெருக்கின அளவு வழிகள். கையால் முயன்று தீராது. இயற்கையில் இல்லாத புரதங்களை இப்படிக் கணித்து வடிவமைத்ததற்காகத்தான் 2024-ல் டேவிட் பேக்கருக்கு வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

இதைக் 'கணினி வடிவமைப்பு' என்று எழுதினால் கணினியை வடிவமைப்பதாக ஆகும். இங்கே வடிவம் பெறுவது புரதம், கணிப்பு அதற்கு வழி. ஆகவே கணிப்புவழி வடிவமைப்பு.

மொழிபெயர்ப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். அகராதியைப் பிரித்துத் துண்டு துண்டாகச் சொல்லை ஒட்டுகிறார்கள். பொருள் வழியுமா, நிற்குமா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தால் இந்தச் சொல் பிறந்திருக்காது. அந்த மாணவி அவள் வாயால் சொன்னதையே எழுதியிருந்தால் பலகை சரியாக இருந்திருக்கும். அவளிடம் ஒரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்தேன்: 'தானே கோத்துக்கொள்ளும் புரத நீர்க்களிகள்: கணிப்புவழி வடிவமைப்பு'. படித்துவிட்டு, "நீர்களியா, நீர்க்களியா ஐயா?" என்று கேட்டாள். க் வர வேண்டும் என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.