சரிவில் ஓடும் பணமும் சோலையில் ஊறும் பணமும்

2024 ஜூலை 30. விடிவதற்கு முன்பே வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயிருந்தன. எங்கள் கூடலூருக்கு அது அடுத்த மலை. இரண்டு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் ஒரே குடும்பத்துச் சொந்தங்கள் வேலை செய்கின்றன. அந்த வாரம் முழுவதும் பஸ் நிலையத்துக்கு அருகே நான் டீ குடிக்கும் கடையில் தொலைக்காட்சி அணையவே இல்லை. திரையின் அடியில் நிவாரண நிதிக்கான வங்கிக் கணக்கு எண் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். “எனக்குப் போனில் அனுப்பத் தெரியாது தம்பி. நீயே அனுப்பிவிடு.” அவருடைய ஒரு நாள் கூலியில் அது பாதிக்குப் பக்கம்.

பெஞ்சில் இருந்த ஒருவர், “இதெல்லாம் போய்ச் சேருமா?” என்றார். பணம் நடுவழியில் களவு போய்விடுமோ என்ற பயம் அது, நியாயமான பயம்தான். ஆனால் என்னை அன்றிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டது வேறொரு கேள்வி. ஒவ்வொரு ரூபாயும் சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகள் கழித்து அங்கே என்ன மிஞ்சியிருக்கும்? தொலைக்காட்சி வழியாகத் திரளும் நன்கொடை நிலையான மாற்றத்தைத் தருகிறதா? உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் இதைப் பல ஆண்டுகளாக அளந்து பார்த்திருக்கிறார்கள்.

முதலில், திரை நம் பையைத் திறப்பது எப்படி என்று பார்க்க வேண்டும். 2007இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் ஒவ்வொருவரிடமும் ஐந்து ஒற்றை டாலர் தாள்கள் இருந்தன. ஒரு குழுவினருக்கு மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படமும் அவள் பசியும் காட்டப்பட்டன. அவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். இன்னொரு குழுவினருக்கு ஆப்பிரிக்காவில் பல லட்சம் பேர் பட்டினியில் வாடும் புள்ளிவிவரம் மட்டும் தரப்பட்டது. அவர்கள் கொடுத்தது 1.14 டாலர். மூன்றாவது குழுவுக்குச் சிறுமியையும் காட்டி, புள்ளிவிவரத்தையும் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்தால் இரக்கம் கூடியிருக்க வேண்டுமல்லவா? குறைந்தது. 1.43 டாலர்தான் வந்தது.

நம் உணர்ச்சிக்குக் கூட்டல் தெரியாது. ஒரு முகத்தைப் பார்த்தால் நெஞ்சு இளகுகிறது. அந்த முகத்துக்குப் பின்னால் லட்சம் பேர் நிற்கிறார்கள் என்றவுடன் கணக்குப் பார்க்கும் மூளை விழித்துக்கொள்கிறது, இளகிய நெஞ்சு இறுகுகிறது. தொலைக்காட்சி பிறவியிலேயே முகங்களின் ஊடகம். அதனால்தான் நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் அட்டவணையைக் காட்டாமல் ஒரு தாயைக் காட்டுகின்றன. திரையின் மூலையில் ஏறிக்கொண்டே போகும் தொகைக்கும் ஒரு வேலை உண்டு. எட்டவேண்டிய இலக்கு நெருங்க நெருங்க எந்த உயிரும் வேகம் கூட்டும். உணவை நோக்கி ஓடும் எலிகளிடம் கிளார்க் ஹல் என்ற உளவியலாளர் 1930களிலேயே கண்டது அது.

இதில் தவறு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாவின் இருநூறு ரூபாய் உண்மையான இரக்கம். அதை உளவியல் விளக்குவதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. ஒரு முறையீட்டுக்குக் கொடுப்பவர்கள் மற்ற அறப்பணிகளுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சமும் பெரிய அளவில் மெய்ப்படவில்லை. பிரிட்டனில் நன்கொடையாளர்களின் கணக்குகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, பேரிடர் முறையீடுகளின்போது மொத்த நன்கொடை கூடுகிறது என்றும், மற்ற அமைப்புகளுக்குச் செல்லும் பணம் அழிந்துபோவதில்லை, கொடுக்கும் நேரம்தான் முன்பின் நகர்கிறது என்றும் காட்டியது.

சிக்கல் தொடங்குவது கேமரா எங்கே திரும்புகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்பதில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அமெரிக்காவில் இணையம் வழியாக வந்த நன்கொடைகளை ஆராய்ந்தவர்கள், மாலைச் செய்தியில் ஒரு நிமிடம் கூடுதலாகச் சுனாமி காட்டப்பட்டால் அன்றைய நன்கொடை, நாள் சராசரியில் சுமார் 13 சதவீதம் உயர்ந்தது என்று கண்டார்கள். நிமிடம் கூடினால் பணம் கூடும், நிமிடம் குறைந்தால் பணம் குறையும். துன்பம் குறைந்ததா என்பது அந்தக் கணக்கில் இல்லை.

தாமஸ் ஐசென்ஸீ, டேவிட் ஸ்ட்ரோம்பர்க் இருவரும் 1968 முதல் 2002 வரை நிகழ்ந்த சுமார் 5,000 இயற்கைப் பேரிடர்களை எடுத்து, எவற்றுக்கு அமெரிக்க அரசின் உதவி போனது என்று பார்த்தார்கள். ஒலிம்பிக் போட்டி நடக்கும் நாள்களில் நேர்ந்த பேரிடருக்கு உதவி கிடைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. செய்தியில் இடம் இல்லை, அவ்வளவுதான் காரணம். எரிமலையில் ஒருவர் இறந்தால் கிடைக்கும் செய்தி வாய்ப்பு, உணவுப் பஞ்சத்தில் 40,000 பேர் இறந்தால்தான் கிடைக்கும் என்பது அவர்களுடைய இன்னொரு கணக்கு. திடீரென வெடிப்பது படமாகும். மெல்லமெல்லக் கொல்வது படமாகாது.

எங்கள் மலைக்கு இது புதிதல்ல. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஊட்டி, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்காகத் திரையின் அடியில் வாரக்கணக்கில் ஓடிய கணக்கு எண் எதுவும் என் நினைவில் இல்லை. மறுபுறம், சுனாமி நடந்து சுமார் ஒரு வாரத்திலேயே ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, தன்னுடைய சுனாமிப் பணிக்குத் தேவையான பணம் வந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொன்னது. ஒரு பேரிடரின் பெயர் எழுதி வந்த பணத்தைப் பெயரெழுதாத பசிக்குச் செலவிட முடியாது என்பதால் வந்த நேர்மை அது. இன்றும் அதை நினைத்தால் எனக்குள் மரியாதை எழுகிறது.

மலையில் வாழ்பவர்களுக்கு இந்த இயக்கத்தைப் புரியவைக்க மழையே போதும். ஒரே அளவு மழை இரண்டு சரிவுகளில் பெய்கிறது. மரம் வெட்டி, மண் இறுகிப்போன சரிவில் நீர் நிற்காது. ஒரு மணி நேரத்தில் செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடிவிடும், ஏப்ரலில் அங்கே குடம் நிறையாது. சோலைக்காட்டிலும் அதையொட்டிய புல்வெளியிலும் இலைமக்கிய கறுப்பு மண் பஞ்சுபோல நீரை உறிஞ்சி, மாதக்கணக்கில் கசியவிடும். கோடையிலும் ஓடை ஓடுவது மழையால் மட்டும் அல்ல, அது விழுந்த மண்ணால். தொலைக்காட்சி தருவது மழை; அதுவும் பேய்மழை. விழும் இடத்தில் என்ன மண் இருக்கிறது?

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே நிற்கும் பாஸ்டர் நிறுவனத்தின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். வெறிநாய்க்கடி வைரஸ் ரத்தத்தில் பாய்ந்து போவதில்லை. கடிபட்ட இடத்து நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. அது மூளையை எட்டுவதற்குள் தடுப்பூசி எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிட்டால் உயிர் தப்பும், எட்டிவிட்டால் வழியில்லை. ஆக இது ஓர் ஓட்டப்பந்தயம். அன்று இந்தியாவில் அந்தச் சிகிச்சைக்கென இருந்த நிறுவனம் இமயமலையின் கசௌலியில். தெற்கே கடிபட்டவர் அவ்வளவு தூரம் ரயிலில் போவதற்குள் வைரஸ் முந்திக்கொள்ளும். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் வைஸ்ராய் கர்சனிடம் ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். 1907 ஏப்ரலில் குன்னூர் நிறுவனம் வேலையைத் தொடங்கியது.

ஒரு முகம், ஒரு நன்கொடை. ரோக்கியா சோதனையில் வேலைசெய்த அதே நெஞ்சுதான் இங்கேயும். ஆனால் அந்த ஒரு லட்சம் சிகிச்சைக்கு வழியனுப்பும் பயணச்செலவாகக் கரைந்துபோயிருந்தால் சில நூறு பேரோடு கதை முடிந்திருக்கும். அது கட்டடமாக, ஆய்வகமாக, ஆண்டுதோறும் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகளாக, அரசு தொடர்ந்து தாங்கும் நிறுவனமாக மாறியது. வெறிநாய்க்கடி மருந்தோடு முத்தடுப்பு ஊசியும், ஒரு காலத்தில் போலியோ சொட்டு மருந்தும் இங்கிருந்து போயின. அந்த நிறுவனமும் தானாக ஓடும் எந்திரமல்ல. உற்பத்தித் தர விதிகள் நிறைவேறவில்லை என்று 2008இல் மத்திய அரசு அங்கே தடுப்பூசி தயாரிப்பை நிறுத்தியது. பிறகுதான் தடை நீங்கிப் புதுப்பிப்பு நடந்தது. நூறு ஆண்டு நிறுவனத்துக்கும் ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும்.

போலியோ என்றதும் ஒலிபரப்பு நிதி திரட்டலின் மிகப்பெரிய வெற்றியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்போது தொலைக்காட்சி இல்லை, வானொலி. 1938இல் அமெரிக்க வானொலியில் நகைச்சுவை நடிகர் எடி கான்டர், போலியோவை ஒழிக்க ஆளுக்குப் பத்து சென்ட் நாணயம் ஒன்றை வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். நாணயங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. அந்தப் பணம் ஒரு நிலையான அமைப்பின் கையில் இருந்தது. அது ஆண்டுதோறும் திரட்டி, ஆண்டுதோறும் ஆய்வுக்குக் கொடுத்தது. 1954இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற சோதனை, 1955இல் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி. கேட்ட குரலுக்கும் கிடைத்த மருந்துக்கும் நடுவே பதினேழு ஆண்டுகள்.

எத்தியோப்பியாவின் அனுபவம் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. 1984 அக்டோபரில் பிபிசியில் வந்த பஞ்சச் செய்தி உலகை உலுக்கியது. 1985 ஜூலை 13 அன்று லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த லைவ் எய்டு இசை நிகழ்ச்சியைக் கோடிக்கணக்கானோர் பார்த்துப் பணம் அனுப்பினார்கள். அதனால் உயிர்கள் பிழைத்தன. ஆனால் அடுத்த வறட்சியைத் தடுக்கும் வலு அந்த ஒரு நாள் திரட்டலுக்கு இல்லை. உள்நாட்டுப் போரும் ஓயவில்லை. 2005இல் அந்நாட்டு அரசு, வெளிநாட்டு உதவியோடு, வறுமையில் இருக்கும் பல லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் தவறாமல் பணமோ தானியமோ தரும் திட்டத்தைத் தொடங்கியது. மண்ணையும் நீரையும் காக்கும் பொதுவேலை செய்து அதைப் பெற்றுக்கொள்ளலாம். 2015–16இல் பல பத்தாண்டுகளில் கண்டிராத வறட்சி வந்தபோது 1984இன் பெருஞ்சாவு திரும்பவில்லை. பாட்டு இல்லாமல், கேமரா இல்லாமல் நடந்த காரியம்.

கூடலூரில் எனக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் அரிவாள் செல் சோகை. இந்தியாவில் இந்த நோயின் மரபுக்கூறு முதன்முதலாகப் பதிவானது 1952இல், எங்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு சிறு பிசகு. உயிர்வளி குறையும்போது சிவப்பணு வட்டம் குலைந்து அரிவாளாக வளைகிறது, நுண்ணிய குழாய்களில் அடைக்கிறது, மூட்டும் எலும்பும் வலியில் துடிக்கின்றன. பெற்றோர் இருவரும் அந்தக் கூறைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மருந்து உண்டு: ஹைட்ராக்சியூரியா, ஃபோலிக் அமில மாத்திரை, தேவைப்பட்டால் ரத்தம். ஆனால் தினமும், வாழ்நாள் முழுவதும்.

பணியர் என்ற பழங்குடியின் ஒரு வீட்டுப் பிள்ளையின் வலியைத் தொலைக்காட்சி ஒரு மாலை காட்டினால் லட்சங்கள் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினோராவது ஆண்டின் மாத்திரைக்கு யார் காட்டுவார்கள்? கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை அதற்கு விடை தேடிய இடம். 1990இல் தொடங்கிய அது பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்களையே செவிலியராக்கியது. 1992 முதல் ஆதிவாசிகளே சிறு தொகை கட்டும் மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக்கொண்டது. வெளியிலிருந்து நன்கொடை அங்கும் வருகிறது, வர வேண்டும். ஆனால் அது விழுவது கறுப்பு மண்ணில்.

முகத்தைக் காட்டித் திரட்டும் வழிக்கு இன்னொரு விலையும் உண்டு, அதைக் கொடுப்பவர் நாம் அல்ல. பிரிட்டனில் ஐடிவி தொலைக்காட்சி மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்திய மாரத்தான் நிதி நிகழ்ச்சிக்கு எதிராக 1990இலும் 1992இலும் மாற்றுத்திறனாளிகளே அந்த நிலையத்தின் வாசலில் திரண்டார்கள். பரிதாபம் வேண்டாம், உரிமை வேண்டும் என்பது அவர்கள் வாதம். இரக்கத்துக்காகச் சிறுமையாகக் காட்டப்பட்டவரை நாளை வேலைக்கு எடுக்க யார் முன்வருவார் என்று கேட்டார்கள். 1992க்குப் பிறகு அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை. ஆதிவாசிக் குழந்தைகளை அழுக்குச் சட்டையோடு மட்டுமே படம்பிடிக்கும் கேமராக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல் நினைவுக்கு வருகிறது.

வயநாட்டில் கேமராக்கள் போன பிறகும் வேலை நடந்தது. இடம் தேடுவதிலும் வழக்கிலும் மாதங்கள் கழிந்தன. எட்டு மாதம் கழித்து, 2025 மார்ச் 27 அன்று, கல்பற்றாவின் எல்ஸ்டன் எஸ்டேட்டில் புதிய குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். செய்தியைக் கடையில் சொன்னேன். அன்று இருநூறு ரூபாய் கொடுத்த அம்மா அங்கேதான் இருந்தார். அவருடைய பெற்றோர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் தொடங்கப்பட்ட டான்டீயில் அவர்களுக்குப் பிழைப்பும் கிடைத்தது, ஒரு லைன் வீடும் கிடைத்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“வீடு சரி சார். பக்கத்தில் தினமும் வேலை இருக்கிற இடமா அது?”